மேங் வாத்தியார் அழிக்காத படங்கள்

"உரிமத்தை ரத்து செய்யும் முன், உரிமம் பெற்றவரின் தரப்பைக் கேட்டாக வேண்டும். இந்த நூலாசிரியருக்கு ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாதா? நூற்றுக்கு முப்பத்தைந்து. அதுவும் கருணை மதிப்பெண்."

இரண்டையும் ஒரே இயந்திரக் குரல்தான் வாசித்தது. ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. சட்டப் புத்தகத்துக்கு நடுவில் யாரோ ஒருவருடைய வயிற்றெரிச்சல் புகுந்திருப்பது அந்தக் குரலுக்கு எப்படித் தெரியும்? நான் 'பக்'கென்று சிரித்துவிட்டேன். யோம் அக்கா கீழே உட்கார்ந்த வாக்கிலேயே என் கால் கட்டைவிரலை அழுத்தி நசுக்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வரும் ஊரில் இது ஒரு தொல்லை.

சிரிக்கிற வீடில்லை அது. எங்கள் எதிரே தோ சாங்-பே உட்கார்ந்திருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மோக்போ நகரத்தில் முதுகு வலி என்று வந்த பாதிப் பேரை எழுந்து நடக்க வைத்தவர். அவருடைய தங்கை இன்-சுக் காவல் நிலையத்தில் இருந்தாள். கொலைக் குற்றம். அவளை மீட்க ஆதாரம் தேடத்தான் துப்பறியும் யோம் அக்காவும் அவள் உதவியாளன் நானும் வந்திருந்தோம்.

செத்தவன் தாக். மசாஜ் நிலையம் நடத்தியவன். சாங்-பே அங்கேதான் வேலை பார்த்தார். பார்வையற்றவர்களுக்கு மட்டுமே தரப்படும் அவருடைய மசாஜ் உரிமத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, உரிமம் இல்லாதவர்களை வைத்துத் தொழில் நடத்தப் பார்த்தான் தாக். சாங்-பே மறுத்தார். உடனே, பெண் வாடிக்கையாளரிடம் இவர் கையை வைத்துத் தவறாக நடந்தார் என்று ஒரு புகாரை எழுதிக் கொடுத்துவிட்டான் புண்ணியவான். உரிமம் போகும் நிலை. அதற்கான விசாரணைக்குத் தயாராகத்தான் இந்தச் சட்டப் புத்தகம். அதற்குள் ஒருநாள் அந்தி வேளையில் தாக் மலையடிவாரக் கல்படிகளின் கீழே மண்டை உடைந்து கிடந்தான். பச்சை அங்கி போட்ட பெண் ஒருத்தி படிகளில் இறங்கி ஓடியதைப் பார்த்ததாக ஒரு கடைக்காரி சாட்சி சொன்னாள். இன்-சுக்கிடம் பச்சை அங்கி உண்டு. போன மாதம் தள்ளுபடியில் போட்டதால் ஊரில் பாதிப் பெண்களிடமும் உண்டு.

"என் தங்கச்சி அன்னிக்கி சாயங்காலம் பூரா இங்கதான் இருந்தா, யோம் மேடம்," என்றார் சாங்-பே. "இந்த மேஜையில போன் ஸ்டாண்டை வெச்சு, இந்தச் சட்டப் புத்தகத்தைப் பக்கம் பக்கமா திருப்பிப் படம் எடுத்துக்கிட்டிருந்தா. பக்கத்துலயே நானும் இருந்தேன். போலீஸ்காரன் என்ன கேக்கறான் தெரியுமா? 'கண்ணு தெரியாத ஆளு, நீ எப்படிய்யா பாத்தேன்னு சொல்வே'ங்கறான்."

"காது எதுக்கு இருக்குன்னு அவனுக்கு அவங்க அம்மா சொல்லித் தரல போல," என்றேன்.

அக்கா என்னைக் கண்டுகொள்ளவில்லை. "அந்தப் படமெல்லாம் இப்ப எங்க?"

சாங்-பே விளக்கினார். போன் தானாகவே படமெடுக்கும். பக்கம் அசையாமல் இருந்தால் 'க்ளிக்'. படம் நேரே பார்வையற்றோர் நூலகத்துக்குப் போய்விடும். அங்கே இயந்திரம் எழுத்தாக மாற்றும். இயந்திரம் அரைகுறை. தூசியை எழுத்து என்று நினைக்கும், எழுத்தைத் தூசி என்று தள்ளும். அதனால் வீட்டிலிருந்தபடியே ஒரு தொண்டர் படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துத் திருத்துவார். நூலகம் படங்களின் பிரதியை வைத்துக்கொள்ளாது; திருத்தி முடித்ததும் தொண்டரும் அழித்துவிட வேண்டும். பதிப்பாளர்களோடு நூலகம் செய்த ஒப்பந்தம் அப்படி.

"ஒவ்வொரு படத்துலயும் எடுத்த நேரம் இருக்கும், மேடம். அது போதாதா? ஒரு பக்கம்கூட விட்டுப்போயிருக்காது. அதை நான் அடிச்சுச் சொல்வேன்."

முதல் பாதி திருத்தி வந்துவிட்டது. விசாரணை நெருங்குகிறதே என்று நூலகத்தார் அவசரத்தில் தொண்டரின் குறிப்புகளைக்கூட நீக்காமல் அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் பாதியும் படங்களும் இன்னும் தொண்டரிடம். யார் அந்தத் தொண்டர்? பெயரைச் சொல்ல நூலகம் மறுத்துவிட்டது. நாளைக் காலை இன்-சுக்கை நீதிபதி முன் நிறுத்துவார்கள். அதற்குள் அந்த ஆள் திருத்தி முடித்து, கடமை தவறாமல் படங்களை அழித்துவிட்டால் அவளைச் சிறைக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியே இல்லை.

"பொலம்பல் வர்ற எடத்தை மட்டும் போடுங்க," என்றாள் அக்கா.

சாங்-பே சோப்புக்கட்டி அளவுள்ள வாசிப்புக் கருவியில் விரலை ஓட்டினார். இயந்திரக் குரல் சொன்னது: "மனைவி கீரை அறுக்கக் கூப்பிடுகிறாள். இந்தப் பனியில் கீரை அறுப்பது கிறுக்குத்தனம். ஆனாலும் இந்தப் புத்தகத்துக்கு அது மேல்." இன்னொரு இடத்தில்: "காற்று. படகு நின்றுவிட்டது. சிவப்பு மை வந்து சேரவில்லை. சிவப்பு மை இல்லாமல் நான் எப்படி யோசிப்பேன்?"

அக்கா எழுந்துவிட்டாள். "மார்க் போடறாரு, சிவப்பு மை கேக்கறாரு. ரிட்டையர் ஆன வாத்தியார். குளிர்காலத்துல கீரை அறுக்கறாரு, படகு நின்னா மை கிடைக்காத ஊர்ல இருக்காரு. குளிர்காலக் கீரைக்குப் பேர்போன பிகும் தீவு. கெளம்புடா."

"எங்க மாமனார்கூட எல்லாருக்கும் மார்க் போடுவாரு அக்கா. அவரு லாரி டிரைவர்."

"உனக்கு எவ்ளோ போட்டாரு?"

நான் காலணியை மாட்டினேன்.

படகில் குளிர் எலும்பைக் கடித்தது. அக்கா காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கணக்குக் கண்டுபிடிக்கிற வேலையில் இருபது வருஷம் குப்பை கொட்டியவள். எதிராளி சொல்வதைவிட எதைச் சொல்லாமல் விடுகிறான் என்பதில்தான் அவளுக்குக் கண். இந்தத் தடவை மட்டும் ஜெயித்தே ஆகவேண்டும் என்று அவள் நினைக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. இன்-சுக்கைப் பார்க்கக் காவல் நிலையத்துக்குப் போனபோது, அவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அண்ணன் சாப்பிட்டாரா?" என்று மட்டும்தான் கேட்டாள். அக்கா வெளியே வந்து வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். குளிராம்.

தீவில் இறங்கியதும் துறைமுகக் கடைக்காரியிடம் விசாரித்தேன். ரிட்டையர் ஆன வாத்தியார், கொஞ்சம் குறை கண்டுபிடிக்கிற ஆசாமி என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"மேங் வாத்தியாரா? அந்தப் பாவி என் கடைப் பலகையிலயே சிவப்பு பெயிண்டால கோடு போட்டுட்டுப் போனான். அதோ, அந்த நீலக் கூரை. போறப்ப ரெண்டு கேள்வி நறுக்குன்னு கேட்டுட்டு வாங்க!"

மேங் வாத்தியாருக்கு எழுபது வயதிருக்கும். கம்பளி உள்கால்சட்டையோடும் பஞ்சு வைத்த அரைச்சட்டையோடும் கதவைத் திறந்தார். நூலக விஷயம் என்று அக்கா சொன்னதுமே முகம் சுண்டிவிட்டது.

"புகாரா? நான் எழுதின குறிப்பெல்லாம் வெளிய போயிருச்சாமே. சத்தியமா ஒரு எழுத்தைக்கூட மாத்தல அம்மா. ஆசிரியர் தப்பா எழுதியிருந்தாலும் அப்படியே விடணும்னு விதி. விட்டேன். எனக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு எனக்குத்தான் தெரியும்."

"புகார் இல்ல சார். படங்களை அழிச்சிட்டீங்களா?"

"இன்னும் கடைசி அத்தியாயம் பாக்கி. சாயங்காலத்துக்குள்ள முடிச்சு அழிச்சிருவேன்."

எனக்கு அந்தக் கிழவரைக் கட்டிப் பிடித்து முத்தமிடலாம் போலிருந்தது. கீரைக் கூடைகளுக்கு நடுவே கணினி இருந்தது. வாத்தியாரின் மனைவி மண் கையோடு வந்து வாற்கோதுமைத் தண்ணீரை வைத்துவிட்டு, "இவருகிட்ட எதாவது எழுதிக் காமிச்சிராதீங்க, மானம் போயிரும்," என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

அக்கா வழக்கைச் சுருக்கமாகச் சொன்னாள். வாத்தியார் படங்களைத் திறந்தார். ஒவ்வொன்றின் மூலையிலும் நேரம். தாக் விழுந்த நேரத்துக்கு வெகு முன்னாலிருந்து, இருட்டி வெகுநேரம் வரைக்கும் இடைவெளியே இல்லாமல் பக்கம் பக்கமாக.

"அக்கா! கெடைச்சிருச்சு அக்கா!" நான் தரையில் குதித்ததில் ஒரு கீரைக் கூடை கவிழ்ந்தது. "இன்-சுக் அக்கா நாளைக்கி வீட்டுல சோறு சாப்பிடுவாங்க!"

"சும்மா இரு," என்றாள் அக்கா. திரையை விட்டு அவள் கண் நகரவில்லை. "சார், ஒவ்வொண்ணா காட்டுங்க. மெதுவா."

"முதல்ல எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும்," என்றார் வாத்தியார். "அந்தப் பொண்ணு நல்லா வேலை செய்யும். ஸ்கேலை வெச்சு ஓரத்துல புடிச்சுக்கும். அதோட வேற புத்தகமும் திருத்தியிருக்கேன். நூத்துக்குத் தொண்ணூறு குடுப்பேன். ஆனா இந்த எடத்துலேர்ந்து பாருங்க. என்ன வந்துச்சோ தெரியல. எழுத்து மேலயே விரலை வெச்சிருக்கு. போகப் போக ஒரே இருட்டு. இயந்திரம் கண்டதையும் கக்கியிருக்கு. திருப்பி எடுக்கச் சொல்லலாம்னா அந்த மனுஷனுக்கு விசாரணை நெருங்குதாம். சரின்னு நானே கண்ணை இடுக்கிக்கிட்டு ஒவ்வொரு வரியா அடிச்சேன். விளக்கைப் போட்டா அந்தப் பொண்ணுக்கு என்ன கொறைஞ்சா போயிடும்?"

படங்கள் நகர்ந்தன. வெளிச்சம். கொஞ்சம் மங்கல். பாத்திரம் கழுவின தண்ணீர் நிறம். பிறகு கிட்டத்தட்டக் கறுப்பு. அதற்கும் பிறகு பக்கம் முழுக்க ஒரு சிவப்பு.

"இது என்னடா சிவப்பு?" என்று அக்கா கேட்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. என் வாயால் வரவேண்டும் என்று கேட்டாள்.

"சாங்-பே வீட்டுக்கு எதுத்தாப்புல இருக்கற சர்ச். பொழுது சாஞ்சதும் கோபுரத்து மேல சிவப்பு சிலுவை லைட்டைப் போடுவாங்கல்ல, அது."

"ஜன்னல் வழியா அந்த வெளிச்சம் இவ்ளோ தெரியுதுன்னா உள்ள என்ன எரிஞ்சுது?"

"ஒண்ணும் எரியல."

"இந்த இருட்டுல நீ ஒரு புத்தகத்தைப் பக்கம் பக்கமா திருப்புவியா?"

"எனக்கு வெளிச்சத்துலயே படிப்பு வராது அக்கா..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது.

அக்கா திரையில் அந்தக் கட்டைவிரலைச் சுட்டினாள். அகலமான விரல். நகம் சதையோடு வெட்டப்பட்டிருந்தது. முதல் கணு பின்பக்கமாக வளைந்து கிடந்தது. வருஷக்கணக்காக அடுத்தவர் முதுகில் ஊன்றி ஊன்றி வளைந்த விரல். இன்று காலை அந்தக் கருவியின் மேல் நான் பார்த்த அதே விரல். அது சரியாக வரிகளுக்கு நடுவே பதிந்திருந்தது. எங்கே எழுத்து இருக்கிறது, எங்கே ஓரம் இருக்கிறது என்று தெரியாத விரல் அப்படித்தானே பதியும்?

"'ஒரு பக்கம்கூட விட்டுப்போகல, அடிச்சுச் சொல்வேன்'னாரு காலைல," என்றாள் அக்கா. "கேட்டுக்கிட்டிருந்தவனுக்கு அது தெரியாது. திருப்பினவனுக்குத்தான் தெரியும்."

கடைசியில் சில பக்கங்களில் திடீரென்று விளக்கு வெளிச்சம் வந்தது. ஸ்கேல் வந்தது. பெண்ணின் விரல் வந்தது. பக்கங்கள் மட்டும் கோணல்மாணலாக இருந்தன. நடுங்கும் கையால் பிடித்த பக்கங்கள்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் மந்தமான ஆள் இல்லை. "அப்ப இந்த இருட்டுப் பக்கமெல்லாம் எடுத்தது... யாருக்காக நான் அடிச்சுக்கிட்டிருக்கேனோ அவரா?"

அக்கா தலையை அசைத்தாள்.

"அழிச்சிடறேன்," என்றார் அவர். கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. "விதிப்படி அழிக்க வேண்டியதுதானே. யாரும் என்னைக் கேக்க முடியாது."

"அழிச்சா அவ வீட்டுல இருந்தான்னு சொல்ல ஒண்ணுமே இல்ல சார். வெச்சிருந்தா அவ வீட்டுல இல்லன்னு சொல்ல இதுவே போதும். கூடவே அண்ணன்காரன் பொய் சாட்சின்னு அவரையும் இழுத்துப் போடுவாங்க. உரிமம் அத்தோட காலி."

"நான் வாத்தியாரா இருந்தப்போ, ஒரு கேள்விக்கு ரெண்டு விடையும் தப்பா இருந்தா அந்தக் கேள்வியையே பரீட்சையிலேர்ந்து தூக்கிடுவோம் அம்மா."

"இதைத் தூக்க முடியலியே சார்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். பிறகு சொன்னாள்: "அழிச்சிடுங்க. கடைக்காரி பாத்தது முதுகை மட்டும்தான். பச்சை அங்கியை வெச்சு எவ்ளோ தூரம் போவாங்க? ஒரு நல்ல வக்கீல் இருந்தா..."

அவளுக்கே அந்த வாக்கியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் சொன்னாளே, அதுவே பெரிது. பொய் பிடிக்கிற வேலையில் அத்தனை வருஷம் இருந்தவள் ஒரு பொய்க்கு வழி விட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. வாத்தியார் தலையாட்டிவிட்டு விரலை நீட்டினார்.

தொலைபேசி அடித்தது.

நூலகத்திலிருந்து ஒரு பெண். வாத்தியார் "ஆமா... ஆமா... சரிங்க" என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அழிக்கக் கூடாதாம். கோர்ட்லேர்ந்து உத்தரவு வந்திருக்காம். என் கணினியில இருக்கற படத்தை நூலகமே இப்ப நேரா எடுத்துக்குதாம். பாருங்க, எடுத்துக்கிட்டிருக்கு."

திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக்கோடு நிதானமாக வளர்ந்துகொண்டிருந்தது.

"கோர்ட்டுக்கு யார் சொன்னது?" என்றேன்.

"அந்தப் பொண்ணோட அண்ணனாம். காலைல வக்கீலைப் புடிச்சு உலுக்கு உலுக்குன்னு உலுக்கினாராம். 'என் தங்கச்சி எடுத்த படம் இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க, அதுல எல்லாம் இருக்கு'ன்னு."

எங்களை நம்பி மட்டும் உட்கார்ந்திருக்க அவருக்கு மனசில்லை. சொந்த வாயால், சொந்தத் தங்கைக்கே குழி வெட்டிவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. வாத்தியாரின் மனைவி ஒரு கட்டுக் கீரையை என் கையில் திணித்து, "ஏன் எல்லாரும் இப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். கீரையோடு படகு ஏறினோம்.

சாங்-பேயின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் சத்தம் கேட்டு எழுந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"கெடைச்சுதா? நேரமெல்லாம் இருந்துதா?"

"இருந்துது."

"பக்கம் எதுவும் விட்டுப்போகலியே?"

"ஒண்ணுகூட விடல," என்றாள் அக்கா. "ரொம்ப ஒழுங்கா திருப்பியிருக்கீங்க, சாங்-பே அண்ணே."

சிரிப்பு அப்படியே நின்றது. மெல்ல மெல்லத்தான் இறங்கியது.

"எப்படி... தொட்டுப் பாத்து, நேராத்தானே வெச்சேன். மடங்கலியே. அவ மாதிரியேதானே செஞ்சேன்?"

"இருட்டா இருந்துச்சு அண்ணே."

அக்கா அவரை உட்கார வைத்தாள். அவராகவே பேசினார்.

"மலைமேல தாக் வீட்டுக்குப் போய் கால்ல விழுந்தாவது புகாரைத் திருப்பி வாங்க வெக்கறேன்னு போனா. நான் சும்மா உக்காந்திருப்பேனா? அவ வர்றதுக்குள்ள முடிச்சு வெச்சா சந்தோஷப்படுவாளேன்னு எடுத்தேன். க்ளிக், க்ளிக்னு நல்லாத்தான் வந்துச்சு. திரும்பி வந்தவ செருப்புகூட கழட்டல. 'அவன் கையைப் புடிச்சு இழுத்தான், தள்ளிவிட்டேன், படியிலேர்ந்து விழுந்துட்டான் அண்ணா'ன்னா. அப்புறம் என் தோள்ல கையை வெச்சு, 'போதும் அண்ணா, இனிமே நான் எடுக்கறேன்'னா. போலீஸ் வந்தப்போ காதுல சொன்னா, 'புத்தகத்தைப் பத்தி யார்கிட்டயும் பேசாதே'ன்னு. பயந்துபோய்ச் சொல்றான்னு நெனச்சேன். பைத்தியக்காரி, நல்ல சாட்சி இருக்கும்போது இதை ஏன் மறைக்கறான்னு நெனச்சேன்." அவர் தொடையில் அடித்துக்கொண்டார். "அவளுக்குத் தெரிஞ்சிருக்கு மேடம். அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

வெளியே சிலுவை எரியத் தொடங்கியது. மேஜையும் போன் ஸ்டாண்டும் அவர் பாதி முகமும் சிவந்தன. அவர் அதை அறியவில்லை.

"இந்த வீட்டுல விளக்கு சுவிட்ச் எங்க இருக்கு?" என்றார் திடீரென்று.

"தெரியாதா உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு? எப்பவும் அவதான் போடுவா."

அக்கா அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். கதவுக்குப் பின்னால், அவர் தோள் உயரத்தில் இருந்தது. வளைந்த அந்தக் கட்டைவிரல் அதைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தியது. அறை வெளிச்சமானது.

"எரியுதா?"

"எரியுது அண்ணே."

அவர் விரலை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

"இப்ப நான் மறுபடியும் எடுத்தா, தெளிவா வருமா?"

"வரும்," என்றாள் அக்கா. "ரொம்ப நல்லா வரும்."